மணி வெடித்தால், தட்டு பால் பூத்தால்: வீட்டுக் கண்ணாடி வேலையில் வரும் கோளாறுகள்

உடைந்த மணியைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். விரிசல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது, உடைந்த விளிம்பு கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கோளாறுக்கு விடை கிடைத்துவிடும். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தவர்களுக்கு முழுதாக முடித்த கல்மணிகள் மட்டும் கிடைக்கவில்லை. செதுக்கியதோடு நின்றவை, துளையிடாதவை, உடைந்தவை எல்லாமே கிடைத்தன. அவற்றை வைத்துத்தான் அங்கே மணிப் பட்டறை நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அவர்கள் செய்தது கல்மணி, நாம் செய்வது கண்ணாடி மணி. ஆனாலும் உடைசலைப் படிக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒரு மேசை, எல்பிஜியும் ஆக்சிஜனும் கலந்து எரியும் ஒரு டார்ச், கோயமுத்தூரில் நகை வார்ப்புப் பட்டறை ஒன்றிலிருந்து வாங்கிய பழைய மின்சூளை, இவ்வளவுதான் என் பட்டறை. குச்சியாக வரும் கண்ணாடியை டார்ச் தீயில் உருக்கிக் கம்பியில் சுற்றினால் மணி, வெட்டிய கண்ணாடியை அடுக்கிச் சூளையில் உருக்கினால் தட்டு. சிலிண்டர் வெளியே நிற்கிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், அதனால் அறைக்குள் வைக்க வேண்டாம். கீழே வருபவை எல்லாம் இந்த மேசையில் நானே பட்டுத் தெரிந்துகொண்டவை.

மணி ஆறிய பிறகு வெடிக்கிறது

புதிதாகப் பழகுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் கேட்பது இதைத்தான். விரிசல் ஓடும் இடத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

துளை வழியாக மணி இரண்டு பாதியாகப் பிளந்திருந்தால், ஆறியதில் கோளாறு. வெளிப்புறம் சீக்கிரம் ஆறிச் சுருங்க, உள்ளே இருப்பது இன்னும் சூடாக இருக்கும். அந்த இழுபறி தாங்காமல் பிளக்கிறது. தீயை விட்டு எடுத்ததும் மணியை மேசைக்கு அடியில் நிழலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் தெரியாத செந்தணல் நிழலில் தெரியும். அது மறைந்ததும் பத்து எண்ணுங்கள், உடனே சூளைக்குள் வையுங்கள். செந்தணலோடு வைத்தால் படுகிற இடத்தில் தழும்பு விழும். அதற்குமேல் நேரம் கடத்தினால் உள்ளே போவதற்குள்ளேயே 'டிக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது.

விரிவு எண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு நீளும் என்று சொல்லும் எண்) 104 உள்ள மென்கண்ணாடிக் குச்சிகளுக்குச் சூளை 510 முதல் 520 டிகிரியில் இருக்கட்டும். கடைசி மணியையும் வைத்த பிறகு அதே சூட்டில் அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம். அப்புறம் மணிக்கு 50, 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, அணைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் விடுங்கள். இதைத்தான் அனீலிங் என்கிறோம்.

சூளை இல்லாதவர்கள் நர்சரியில் விற்கும் வெர்மிகுலைட்டில் மணியைப் புதைத்து வைப்பார்கள். அது குளிர்வதை மெதுவாக்கும், அவ்வளவே. அனீலிங் ஆகாது. இரண்டு மாதம் நன்றாக இருந்த மணி ஒரு நாள் கழுத்தில் கிடக்கும்போதே பிளக்கும். வெர்மிகுலைட்டில் ஆறவைத்த மணிகளைச் சேர்த்து வைத்து, மாதம் ஒரு முறை சூளை வைத்திருப்பவரிடம் கொடுத்து மொத்தமாக அனீலிங் செய்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரை யாருக்கும் பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

விரிசல் அடிநிறத்துக்கும் மேலே வைத்த புள்ளிக்கும் நடுவே, எல்லை பிடித்து ஓடியிருந்தால் விஷயம் வேறு. இரண்டு கண்ணாடியும் ஒத்துப்போகவில்லை. இதைக் கீழே வளையல் கதையில் விரிவாகச் சொல்கிறேன்.

செய்துகொண்டிருக்கும்போதே, சூளைக்குப் போகும் முன்பே மணி விரிந்தால் காற்றைச் சந்தேகப்படுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்று பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம், காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். தீயைச் சாய்ப்பதோடு மணியின் ஒரு பக்கத்தையும் அது ஆற்றிவிடும். அதற்காகச் சன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு வேலை செய்யாதீர்கள், எரிந்த வாயு அறைக்குள்ளேயே நிற்கும், அது உயிருக்கு ஆபத்து. காற்று வரும் பக்கம் மேசையை ஒட்டி ஒரு தகரத் தடுப்பு, தலைக்கு மேலே எக்ஸாஸ்ட் விசிறி, புதுக் காற்று வர முதுகுப் பக்கம் ஒரு திறப்பு. டேபிள் ஃபேன் கூடவே கூடாது.

குச்சி தீயில் பட்டதும் சிதறுகிறது

அவசரம்தான் காரணம். குச்சியின் முனையைத் தீயின் கடைக்கோடியில், சூடு குறைந்த இடத்தில் உள்ளே வெளியே என்று நாலைந்து முறை காட்டிச் சூடாக்கிவிட்டு, அப்புறம் நடுவே கொண்டு வாருங்கள். பருத்தித் துணி உடுத்திக்கொள்ளுங்கள். சிதறும் துண்டு நைலான் சேலையில் விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டும்.

கண்ணுக்குப் போடும் கண்ணாடியும் கட்டாயம். உருகும் கண்ணாடியிலிருந்து வரும் சோடிய மஞ்சள் ஒளி, வேலை நடக்கும் இடத்தையே மறைத்துவிடும். அதை வடிகட்டுவது டிடிமியம் கண்ணாடி. சாதாரண வெயில் கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது.

பூச்சு உரிந்து மணி கம்பியில் சுழல்கிறது, அல்லது கம்பியை விட்டு வரவே மாட்டேன் என்கிறது

இரண்டுக்கும் மூலம் பூச்சு. கம்பியில் களிப்பூச்சு போடுவது, கண்ணாடி நேராக எஃகில் ஒட்டாமல் இருக்க. வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் 1.6 அல்லது 2.4 மி.மீ. துருப்பிடிக்காத டிக் (TIG) வெல்டிங் கம்பியைத்தான் நான் வெட்டி வைத்துக்கொள்கிறேன். கடையிலிருந்து வரும் கம்பியில் எண்ணெய்ப் பசை இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, எமரித் தாளில் முனையைச் சொரசொரப்பாகத் தேய்த்த பிறகே பூச்சு பிடிக்கும். அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் சம அளவில் கலந்து, கெட்டி மோர் பதத்தில், துணியில் வடிகட்டி வைத்திருங்கள். மோர் நீர்த்துப்போனால் பூச்சு மெலிந்து மணி எஃகைக் கவ்விக்கொள்ளும். தோசை மாவு போல் ஆனால் தடித்து, காயும்போது வெடித்து, பாதி வேலையில் உரியும். முக்கிக் குத்தவைத்து நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு தீயில் காட்டினால் நீராவி பூச்சைத் தள்ளிவிடும்.

உரிந்துவிட்டால் அந்த மணியைக் காப்பாற்றப் போராட வேண்டாம். வராத மணிக்கு மட்டும் ஒரு வழி உண்டு: இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பியை வைஸில் பிடித்து, மணியை ஈரத் துணியோடு பற்றி மெதுவாகத் திருகுங்கள். துளைக்குள் மிஞ்சும் பூச்சை எப்போதும் தண்ணீருக்குள் வைத்தே வைர ஊசியால் சுரண்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மணியின் ஓரம் கையைக் கிழிக்கிறது

முதல் சுற்றை அகலமாகப் போட்டுவிட்டு, மேலே ஏற்றக் கண்ணாடி போதாமல் நிறுத்தியிருப்பீர்கள். அடி அகலத்துக்குத் தக்க கண்ணாடி ஏறினால் ஓரம் தானாக உள்ளே குழிந்து வளையும். இதை அரத்தால் ராவிச் சரிசெய்ய முயல வேண்டாம், அடுத்த மணியில் அகலத்தைக் குறையுங்கள்.

தெளிந்த கண்ணாடி புகை படிந்தது போல ஆகிறது

தீயில் ஆக்சிஜன் போதவில்லை, அல்லது டார்ச் வாய்க்கு மிக அருகில் பிடிக்கிறீர்கள். நீலக் கூம்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை தள்ளிப் பிடியுங்கள். மயில்நீலக் குச்சியில் செம்பு உண்டு, அதனால் ஆக்சிஜன் குறைந்த தீயில் அது செங்கல் நிறத்தில் தோல் போர்த்துக்கொள்ளும். தந்த நிறத்தின் மேல் மயில்நீலம் வைத்தால் நடுவே கருங்கோடு விழுவது கோளாறே அல்ல. தந்த நிறத்திலிருக்கும் கந்தகமும் செம்பும் சேர்ந்து உண்டாக்குவது அது. எனக்கு அந்தக் கோடு பிடிக்கும், வேண்டுமென்றே வைப்பேன்.

ஆக்சிஜன் இல்லாமல் எல்பிஜியில் மட்டும் எரியும் டார்ச்சில் தீ சோம்பலாக இருந்தால் ரெகுலேட்டரைப் பாருங்கள். அடுப்பு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் அதற்குக் காணாது.

சூளையில் வைத்த தட்டு உடைந்து கிடக்கிறது

இப்போது சூளை வேலைக்கு வருவோம். இங்கேதான் விளிம்பைப் படிப்பது மிகவும் உதவும். உடைந்த விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். மழுங்கி, உருண்டு இருந்தால் சூடு ஏறும்போதே உடைந்திருக்கிறது, உடைந்த பிறகு உச்சச் சூட்டில் விளிம்பு உருகியிருக்கிறது. தொடக்க வேகத்தைக் குறையுங்கள். உள்ளங்கை அகலத் துண்டுக்கு மணிக்கு 150 டிகிரிக்கு மேல் வேண்டாம். 550 தாண்டிய பிறகு வேகமாகப் போகலாம். சூளைக் கம்பி ஒரு பக்கம் மட்டும் துண்டுக்கு அருகில் இருந்தாலும் இப்படி ஆகும்.

விளிம்பு கத்திபோல் கூராக இருந்தால் இறங்கும்போது, அல்லது ஆறிய பிறகு உடைந்தது. விரிசல் பாம்பு ஊர்ந்தது போல் வளைந்து போனால் அனீலிங் போதவில்லை. சன்னல் கண்ணாடிக்கு 545 டிகிரியை ஒட்டி நிறுத்துங்கள். 6 மி.மீ. தடிப்பு என்றால் ஒரு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 60 வீதம் 370 வரை. தடிப்பு இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் ஏறக்குறையக் கால்பங்காக வேண்டும். இரண்டு மடங்குக்கு இரண்டு மடங்கு நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் நான் ஒரு தடித்த தட்டை இழந்தேன்.

விரிசல் ஒட்டவைத்த துண்டின் ஓரத்தையே சுற்றி வந்தால், அதுதான் வளையல் கதை.

எங்கள் அம்மாயி உடைந்த கண்ணாடி வளையல்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். பச்சையும் அரக்கு நிறமும், நடுவே பொடிப் பொடியாக மஞ்சள் கோடு. அவர் போன பிறகு அந்தப் பாட்டில் என்னிடம் வந்தது. சன்னல் கண்ணாடி இரண்டு அடுக்கு வெட்டி, அதன்மேல் வளையல் சில்லுகளைக் கோலம்போல் அடுக்கி, 830 டிகிரியில் உருக்கினேன். வெளியே எடுத்தபோது அவ்வளவு அழகு, வீட்டில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலமாரியிலிருந்து சத்தம். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சில்லையும் சுற்றி நகக்கண் போல ஒரு மெல்லிய வளைவு, அதிலிருந்து நடுக்கண்ணாடி முழுவதும் ஒரு நீளமான பிளவு.

சூட்டில் எந்தக் கண்ணாடியும் விரியும், ஆறும்போது சுருங்கும். எவ்வளவு என்பதுதான் கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும். விரிவு எண் 104 என்றால், ஒரு டிகிரி ஏறும்போது நீளத்தில் கோடியில் 104 பங்கு நீள்கிறது என்று பொருள். சூளைக் கண்ணாடிகள் 90, 96 என்ற எண்களில் வருகின்றன. சன்னல் கண்ணாடி 80களின் நடுப்பகுதியில் நிற்கும், போரோசிலிகேட் வெறும் 33. கோடியில் பத்துப் பங்கு என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஐந்நூறு டிகிரி இறங்கும்போது அது சேர்ந்து சேர்ந்து கண்ணாடியைக் கிழிக்கப் போதுமான இழுப்பாகிவிடுகிறது. பாட்டில், வளையல், சன்னல் என்று கலந்து உருக்க வேண்டாம். ஒரே பாட்டிலின் துண்டுகள், ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போகுமா என்று முன்கூட்டியே பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. சந்தேகமான சில்லை அடிக்கண்ணாடியின் சிறு துண்டின்மேல் வைத்து உருக்கி, முறையாக அனீலிங் செய்யுங்கள். லேப்டாப்பின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போலராய்டு வெயில் கண்ணாடியைத் திரைக்கு முன் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்தக் கோணத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே துண்டைப் பிடியுங்கள். சில்லைச் சுற்றி நிலவுக்குக் கோட்டை கட்டியது போல ஒளிவட்டம் தெரிந்தால் அங்கே இழுப்பு இருக்கிறது. இருட்டாகவே இருந்தால் பயமில்லாமல் பெரிய வேலையில் சேர்க்கலாம்.

அம்மாயியின் மிச்ச வளையல்களை வேறு எதனோடும் சேர்க்காமல் தீயில் உருக்கிக் கம்பியில் சுற்றினேன், ஒரு நிறத்துக்கு ஒரு மணி. அவை இன்றுவரை நிற்கின்றன.

நடுவில் பெரிய குமிழி எழும்பி நிற்கிறது

இரண்டு அடுக்குக்கு நடுவே மாட்டிய காற்று. ஓரம் முதலில் உருகி ஒட்டிக்கொண்டால் நடுவிலுள்ள காற்றுக்கு வழியில்லை. 650, 660 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். கண்ணாடி இளகி மெதுவாகப் படிந்து, காற்றைப் பக்கவாட்டில் தள்ளும். குமிழி அடியிலிருந்து, அதாவது கண்ணாடிக்கும் சூளைப் பலகைக்கும் நடுவிலிருந்து வந்திருந்தால், பலகையில் குழி இருக்கிறது, அல்லது கண்ணாடி ஒட்டாமல் இருக்கப் பலகையில் பூசிய பூச்சு ஈரமாக இருந்திருக்கிறது. ஒரே ஒரு மெல்லிய தகட்டை முழு உருகல் வரை கொண்டுபோனாலும் குமிழி வரும், கூடவே ஓரம் உள்வாங்கி முள்முள்ளாக நிற்கும். உருகிய கண்ணாடி தன்போக்கில் 6 மி.மீ. தடிப்புக்கு வரப் பார்க்கும். 3 மி.மீ. தகடு அந்தத் தடிப்பைத் தேடித் தன்னையே சுருக்கிக்கொள்கிறது. இரண்டு அடுக்கு வைத்தால் தீர்ந்தது.

மேற்பரப்பு பால் பூத்தது போல் மங்குகிறது

கண்ணாடியின் மேல்தோல் பளிங்காக உறையத் தொடங்கியிருக்கிறது. சன்னல் கண்ணாடிக்கும் பாட்டிலுக்கும் இது சகஜம். எனக்கு இது மாதக்கணக்கில் புரியவில்லை. சூடு, நேரம் எல்லாம் மாற்றிப் பார்த்தும் பூத்தது. ஒரு நாள் உருக்கிய தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது, மங்கல் வட்ட வட்டமாக, தண்ணீர் வழிந்து காய்ந்த தடத்திலேயே இருந்தது தெரிந்தது. நான் கழுவியது போர் தண்ணீரில். எங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலே வெள்ளை வெள்ளையாகப் படியும், அந்த உப்புப் படிவில்தான் பளிங்கு வேர்விட்டிருக்கிறது. இப்போது கடைசிக் கழுவலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கும்.

துடைக்கும் துணியையும் பாருங்கள். பட்டறைகளில் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே எடுத்துத் துடைத்தால், உதிரும் பஞ்சிழை கண்ணாடியில் ஒட்டி, கருகி, அங்கேயும் பூக்கும். பழைய, நன்றாகத் துவைத்து நைந்த வேட்டித் துணி நல்லது.

ஏறும்போது 680க்கும் 800க்கும் நடுவே தேங்கி நிற்க வேண்டாம், வேகமாகக் கடந்துவிடுங்கள். நிச்சயமாகப் பூக்கும் கண்ணாடி என்றால், நகை வேலைக்காரர்கள் பயன்படுத்தும் வெங்காரத்தை ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு டம்ளர் கொதிக்கும் வடிநீரில் கரைத்து, ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, ஆறியதும் மேற்பரப்பில் மெல்லப் பூசிக் காயவையுங்கள். வெங்காரம் மேல்தோலைச் சீக்கிரம் இளகவைத்துப் பளபளப்பைக் காக்கும். ஏற்கெனவே பூத்துவிட்டதை ஈர எமரியால் தேய்த்து, வெங்காரம் பூசி மறுபடி உருக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மங்கல் அடிப்புறத்தில், சுண்ணாம்பு போல் நகத்தில் சுரண்ட வந்தால், அது சூளைப் பூச்சு ஒட்டியது. ஒவ்வொரு முழு உருகலுக்கும் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு.

கன்ட்ரோலர் ஒன்று சொல்கிறது, கண்ணாடி வேறு சொல்கிறது

சூளையின் சூட்டைக் காட்டி நடத்தும் கன்ட்ரோலரைவிடக் கண்ணாடி சொல்வதை நம்புங்கள். சூளைக்குள் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் தன் முனை இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும். சூளையின் நாலு மூலையிலும் நடுவிலும் இரண்டிரண்டு சிறு தாங்கிகளின் மேல் ஒரே அளவான கண்ணாடிப் பட்டைகளைப் பாலம்போல் வைத்து, 650 வரை ஏற்றி இறக்குங்கள். எந்தப் பட்டை அதிகம் தொய்ந்திருக்கிறதோ அங்கே சூடு அதிகம். என் சூளையில் கதவுப் பக்கத்துப் பட்டை கிட்டத்தட்ட நேராகவே இருந்தது. அங்கே வைத்த மணிகளெல்லாம் ஏன் வெடித்தன என்று அப்போதுதான் விளங்கியது.

சொன்ன வேகத்தில் சூடு ஏறவில்லை என்றால் கம்பி பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் கடைசிக் கம்பத்து வீடுகளுக்கு 200 வோல்ட்தான் வரும். 230க்குச் சுற்றிய கம்பி 200இல் முக்கால் பங்கு சூடுதான் தரும். நான் முழு உருகல் வேலைகளை இரவு பத்து மணிக்கு மேல் தொடங்குகிறேன்.

அனீலிங் நடுவே கரண்ட் போய்விட்டது

மூடியைத் திறக்காதீர்கள், எட்டியும் பார்க்காதீர்கள். செங்கல் சூளை சூட்டை வெகுநேரம் பிடித்து வைத்திருக்கும், சிறு மணிகளுக்குப் பல நேரம் அதுவே போதும். பீங்கான் நாரால் செய்த இலேசான சூளை சீக்கிரம் ஆறிவிடும். கரண்ட் திரும்பி வரும்போது கன்ட்ரோலர் தானாக முதலிலிருந்து தொடங்குகிறதா, நின்றுவிடுகிறதா என்று வாங்கியவுடனே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். முழு உருகல் திட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டால் மணிகளெல்லாம் குழம்பாகிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முந்தின நாள் இரவு பெரிய தட்டு எதையும் ஏற்ற வேண்டாம், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்.

மணிகள் முழுதாக ஆறி வெளியே வந்து, விரிசல் இல்லாமல் இருந்தால், அவற்றை மீண்டும் அனீலிங் செய்யலாம். குளிர்ந்த சூளையில் ஒன்றோடொன்று படாமல் வைத்து, மணிக்கு 150 டிகிரி வீதம் 515க்கு ஏற்றி, ஒரு மணி நேரம் நிறுத்தி, முன்பு சொன்னபடி இறக்குங்கள். நிறமும் வடிவமும் மாறாது. லேப்டாப் திரைக்கு முன் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள்.